காக்ளியர் இம்பிளான்ட் வைத்திருப்பவர்களிடம் ஒரு உதவி

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் இருக்கிறோம். தம்பிக்கு காக்ளியர் இம்பிளான்ட் (ஒலியை மின்துடிப்பாக மாற்றிக் காது நரம்புக்கு அனுப்பும், ஆபரேஷன் செய்து வைக்கும் கருவி) வைத்திருக்கிறோம். முகம் பார்த்துப் பேசினால் டக்கென்று புரிந்துகொள்கிறான். சமையலறையிலிருந்து குரல் வந்தால், கூப்பிட்டது அம்மாவா அப்பாவா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காதுக்குள் ஒலியை உணரும் ஆயிரக்கணக்கான மயிர்ச்செல்கள் செய்யும் வேலையை இதில் சுமார் 20 எலெக்ட்ரோடுகள், அதாவது நரம்பைத் தூண்டும் மின்முனைகள்தான் செய்கின்றன. குரலின் சுருதி சரியாகப் போய்ச் சேராது. ஆண்குரலா பெண்குரலா என்று பிரிப்பதே கஷ்டம். அதனால் இதை வைத்திருப்பவர்கள் கண்ணை அதிகம் நம்புகிறார்கள். நன்றாகக் காது கேட்பவர்களுக்கும் கேட்பதில் கண் தலையிடும்: 'பா' ஒலியை 'கா' சொல்லும் வாயோடு காட்டினால் பலருக்கு 'டா' என்று கேட்கும் என மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1976-லேயே காட்டினார்கள். ஆனால் உதட்டை மட்டும் நம்பவும் முடியாது. 'பாடு', 'மாடு' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது.

தெரபியில் வாயை மறைத்துக்கொண்டு பேசி, காதை மட்டும் பழக்குகிறார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாமா, முகம் காட்டியே பேசலாமா? எனக்கென்னவோ இரண்டும் வேண்டும் என்றுதான் படுகிறது. அப்புறம், போனில் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? வீடியோ காலில் வாயசைவு பின்தங்கினால் குழம்புகிறதா? பெரியவர்களுக்குப் பயிற்சி தரும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) சென்னையில் யாராவது தெரிந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள்.