புதுப்பிப்பு: கேமரா பிளாஷ் தாமதமாகத் தயாராகும் சிக்கல் தீர்ந்தது

முழுதாக சார்ஜ் செய்த நான்கு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளைப் போட்டும், திருமண வரவேற்பில் பிளாஷ் மறுபடி தயாராக நெடுநேரம் எடுக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

தொடர்பு முனைகளைத் துடைத்ததில் பெரிய மாற்றம் இல்லை. ஒவ்வொரு செல்லின் (அதாவது ஒவ்வொரு பேட்டரியின்) கொள்ளளவையும் தனித்தனியே அளக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. அதற்கான சார்ஜரை நண்பரிடம் வாங்கி அளந்தபோது, 2000 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிடப்பட்ட நான்கில் மூன்று 1800க்கு மேல் காட்டின. ஒன்று மட்டும் 900ஐக்கூட எட்டவில்லை. பிளாஷில் நான்கு செல்களும் தொடராக இணைவதால், ஒன்று தளர்ந்தாலும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகவே திணறிச் செல்ல வேண்டியிருக்கிறது. என் பழைய சார்ஜர் செல்களை இரண்டிரண்டாகவே சார்ஜ் செய்யும் வகை. ஜோடியில் ஒன்று அளவுக்கு மீறி நிரம்ப, மற்றது அரைகுறையாக நிற்பதை அது கண்டுகொள்ளாது.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. பழுதான செல்லும் மல்டிமீட்டரில் மற்றவற்றைப் போலவே 1.3 வோல்ட் காட்டியது. சுமையில்லாமல் அளக்கும் மின்னழுத்தத்தை நம்பியிருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. நண்பரின் சார்ஜரில் உள்ள, செல்லை வடித்து மீண்டும் நிரப்பும் புத்துயிர்ப்பு முறையில் கொள்ளளவு சற்று ஏறினாலும், சார்ஜ் ஆகும்போது அந்தச் செல் மட்டும் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டதால் அதை ஒதுக்கிவிட்டேன்.

இப்போது, தானாக மெதுவாகவே சார்ஜ் இழக்கும் வகையில் ஒரே நேரத்தில் வாங்கிய நான்கு செல்களைப் பயன்படுத்துகிறேன். பிளாஷ் முன்போலவே விரைவாகத் தயாராகிறது. மிஞ்சிய மூன்றும் டிவி ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போயிருக்கின்றன.