அப்பாவை இழந்த பிள்ளைக்கு இந்தக் கதை வரிசையைக் கொடுக்கலாமா? முதல்ல புத்தகமா, படமா?

கேட்டவர்: முத்தியால்பேட்டை சித்தி

எங்க அக்கா பொண்ணுக்குப் பதினோரு வயசு. போன வருஷம் அவ அப்பா தவறிட்டார். அக்காவும் அவளும் இப்ப எங்ககூடத்தான் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சந்தையில பழைய புத்தகக் குவியலைக் கிளறி 'எ சீரீஸ் ஆஃப் அன்ஃபார்சுனேட் ஈவென்ட்ஸ்' முதல் மூணு பாகத்தை அவளே எடுத்தா. வீட்டுக்கு வந்து என்ன கதைன்னு பார்த்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. தீ விபத்துல அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த மூணு பிள்ளைங்க, அவங்க சொத்துக்கு அலையுற ஓலாஃப்னு ஒரு சொந்தக்காரன். "இப்ப எதுக்குடி இந்தச் சாவுக் கதை"ன்னு எங்க அம்மா அதையெல்லாம் தூக்கி பீரோ மேல போட்டுட்டாங்க.

ஜிம் கேரி நடிச்ச படம் இருக்கு, சிரிப்பா இருக்கும், அதை முதல்ல காட்டுங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். ரெண்டையும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: தேவனாம்பட்டினம் டீச்சர்

பீரோ மேல இருந்து இறக்கி அவ கையில கொடுத்துடுங்கம்மா. படம் பின்னால பார்த்துக்கலாம்.

நான் கடலூர் தேவனாம்பட்டினத்துல சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். பாடம் முடிஞ்சதும் கதை. இந்த வரிசையை ஆங்கிலத்துல ஒரு பாரா வாசிச்சு, தமிழ்ல சொல்லி, பல வருஷமா ஓட்டிக்கிட்டு வர்றேன். கடலுக்குப் போறவங்க ஊர் இது. அப்பா இல்லாத பிள்ளைங்க ஒவ்வொரு வருஷமும் என் முன்னால உக்காந்திருக்காங்க. அதனால உங்க கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப் போக முடியல.

அந்தப் பொண்ணு வந்து நின்னா வீட்டுல எல்லாரும் பேச்சை மாத்துவீங்க. பாசத்துலதான் மாத்துறீங்க, எனக்குப் புரியுது. ஆனா அவளுக்கு மனசுல ஓடுறது அது ஒண்ணுதானே? டேனியல் ஹேண்ட்லர், லெமனி ஸ்னிக்கெட்ங்கிற பேருல எழுதின இந்தக் கதைகள்ல கதை சொல்றவர் பேச்சை மாத்தவே மாட்டார். ரெண்டாம் பாகத்துல மான்ட்டி மாமான்னு பாம்பு ஆராய்ச்சி பண்றவர் ஒருத்தர் வருவார். பிள்ளைங்களை மனசாரப் பார்த்துக்கிறவர். அவரும் செத்துப்போறார். கதை சொல்றவர் அந்த இடத்துல கதையை நிறுத்தி, நமக்கு வேண்டியவங்க போறது எப்படி இருக்கும்னு சொல்லுவார்: இருட்டுல மாடிப்படி ஏறும்போது இன்னும் ஒரு படி இருக்குன்னு நினைச்சுக் காலை வைப்போமே, படி இல்லாம கால் காத்துல இறங்குமே, அந்த நொடி. இதை வாசிச்ச அன்னைக்கு ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன், "மிஸ், சைக்கிள் ஸ்டாண்ட் போடுற சத்தம் கேட்டா எனக்கு அப்படித்தான் ஆகும்"னான். அதுவரைக்கும் அவன் அப்பாவைப் பத்தி எங்ககிட்ட வாயே திறந்ததில்ல.

மூணாம் பாகத்தைத் தானே புயலுக்கு அப்புறம் வாசிச்சோம். 2011 டிசம்பர் 30 விடியக்காலை அடிச்ச அந்தக் காத்து உங்க புதுச்சேரிக்கும் தெரியும். எங்க பக்கம் கூரை ஷீட்டெல்லாம் பறந்துடுச்சு. பண்ருட்டி வழியில முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. கரண்ட் வர்ற வரைக்கும் மெழுகுவத்தி வெளிச்சத்துலதான் கதை. அந்த பாகத்துல ஜோசஃபின் அத்தைக்கு அடுப்புன்னா பயம், டெலிபோன்னா பயம், கதவுக் குமிழைத் தொடக்கூடப் பயம். ஆனா குடியிருக்கிறது ஏரிக்கு மேல செங்குத்தான மலை விளிம்புல முட்டுக் கொடுத்து நிக்கிற வீடு. புயல்ல அந்த வீடே இடிஞ்சு ஏரிக்குள்ள போகும். பிள்ளைங்க பயந்துடுவாங்களோன்னு அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவங்களுக்கோ கோபம். "அந்த அத்தையை முன்னாடியே ஏன் முகாமுக்குக் கூட்டிட்டுப் போகல?"ன்னு ஆளாளுக்குக் கத்துனாங்க. அப்புறம் அவங்கவங்க வீட்டுல அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல.

பதில்: நெல்லிக்குப்பம் சினிமா பிரியர்

டீச்சர், படத்தை இப்படி ஒதுக்காதீங்க. 2004 டிசம்பர்ல வந்த படம், பிராட் சில்பர்லிங் இயக்கம், சிறந்த ஒப்பனைக்கு ஆஸ்கர் வாங்கினது. ஜோசஃபின் அத்தையா மெரில் ஸ்ட்ரீப். கேமரா இமானுவேல் லுபெஸ்கி. அந்தச் சாம்பல் நிறமே பிள்ளைங்க மனசைச் சொல்லிடும். ஓலாஃப் வீட்டு அறையில பிள்ளைங்க துணியைக் கட்டித் தொங்கவிட்டு, தங்களுக்குன்னு ஒரு கூடாரம் போட்டுக்கிட்டு உள்ள உக்காருற காட்சி ஒண்ணு போதும். என் பையனுக்கு ஆங்கிலம் அவ்வளவா வராது. அந்தக் காட்சிக்கு நான் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல.

பதில்: தேவனாம்பட்டினம் டீச்சர்

தம்பி, அந்தக் கூடாரக் காட்சி எனக்கும் ரொம்பப் பிடிக்கும். படம் கெட்ட படம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா படத்தோட மையத்துல ஓலாஃபா நடிக்கிற ஜிம் கேரி வந்து உக்காந்துடுறார். புத்தகத்துல ஓலாஃப் வந்தாலே வயித்தைக் கலக்கும். படத்துல அவர் எப்ப வருவார், என்ன வேஷத்துல வருவார்னு பிள்ளைங்க காத்திருக்காங்க.

இன்னொண்ணு, முடிவு. சொத்துக்காக ஓலாஃப், மூணு பிள்ளைங்கள்ல மூத்தவளான பதினாலு வயசு வயலெட்டை நாடக மேடையில நிஜமாவே கல்யாணம் பண்ணப் பார்ப்பான். புத்தகத்துல அவ வலது கைப் பழக்கம் உள்ளவ, கல்யாணப் பத்திரத்துல வேணும்னே இடது கையால கையெழுத்துப் போடுவா. அது அவ சொந்தக் கையெழுத்து ஆகாது, கல்யாணம் செல்லாதுன்னு அவளே எழுந்து வாதாடுவா. படத்துல தம்பி கிளாஸ் கோபுரத்துல ஏறி, சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடியில குவிச்சு அந்தக் காகிதத்தை எரிக்கிறான். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என்கிட்ட படிக்கிற பொண்ணுங்களுக்கு வயலெட் செஞ்சதுதான் வேணும். பக்கத்துல பெரியவங்க இருந்தும் யாரும் காதுகொடுத்துக் கேக்காதப்ப, தன் கையை வெச்சே தப்பிச்சவ அவ.

சித்தி, இந்தக் கல்யாணப் பகுதி வரும்போது நீங்களோ அக்காவோ கூட உக்காந்து படிங்க. பதினோரு வயசுப் பொண்ணுக்கு அதுல கேக்க நிறைய இருக்கும்.

பதில்: லாஸ்பேட்டை வாசகர்

படம் முதல் மூணு பாகத்தோட நின்னுடும், அதுவும் வரிசை மாறி. மொத்தம் 13 பாகம், 1999ல ஆரம்பிச்சு 2006ல முடிஞ்சது. முழுக் கதையும் பார்க்கணும்னா நெட்ஃபிளிக்ஸ்ல 2017 முதல் 2019 வரைக்கும் வந்த தொடர் இருக்கு, 25 எபிசோட். ஒரு புத்தகத்துக்கு ரெண்டு எபிசோட், கடைசிப் புத்தகத்துக்கு மட்டும் ஒண்ணு. ஒரு பாகம் படிச்சதும் அதுக்கான ரெண்டு எபிசோடைப் பார்த்தா ஆங்கிலமும் பிடிபடும். எங்க வீட்டுல அப்படித்தான் செஞ்சோம்.

கேட்டவர்: முத்தியால்பேட்டை சித்தி

எல்லாருக்கும் நன்றி. புத்தகத்தைக் கொடுத்துட்டேன். கடற்கரையில நிக்கிற பிள்ளைங்ககிட்ட மிஸ்டர் போங்கிற பேங்க்காரர் வந்து சாவுச் செய்தி சொல்ற முதல் அத்தியாயத்தை அவளும் அக்காவும் சேர்ந்து படிச்சாங்க. அக்கா அழுதா. அவ அழல, அக்காவுக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. அப்புறம் ரெண்டு பேரும் அவ அப்பாவைப் பத்தி ராத்திரி ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாங்க. டீச்சர், நாலாம் பாகம் வாங்கி வைக்கலாமா?

பதில்: தேவனாம்பட்டினம் டீச்சர்

வாங்குங்கம்மா, வரிசை மட்டும் மாத்தாதீங்க. நாலாவதுல பிள்ளைங்களை மரம் அறுக்கிற ஆலையில வேலைக்கு விட்டுடுவாங்க. கூலிக்குப் பதில் கூப்பன், மதியச் சாப்பாட்டுக்கு சூயிங் கம். அவகிட்ட இருந்து கேள்வி நிறைய வரும், அக்காவையும் கூட வெச்சுக்கோங்க.