மறு: ரெப்ளிகேஷன் – நகலாக்கமா, தொடர்படியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சேமிப்பகத்தில் (ஸ்டோரேஜ்) மாறும் தரவை வேறொரு சேமிப்பகத்துக்கும் விடாமல் அனுப்பி, இரண்டையும் ஒத்த நிலையில் வைப்பது ரெப்ளிகேஷன். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் மூன்று: நகலாக்கம், இரட்டிப்பு, பிரதிபலிப்பு. சேமிப்பகங்களோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் மூன்றையும் உரசிப் பார்த்தேன். நகலாக்கத்தின் மீதுதான் எனக்குக் கடும் மறுப்பு.

நகல் என்பது எடுத்த நேரத்தோடு நின்றுவிடுவது. சான்றிதழை நகலெடுத்தபின் மூலம் கிழிந்தாலும் நகல் கையில் இருக்கும். பேக்கப்புக்கு அது பொருந்தும். காப்புநகல் என்று நாம் சொல்வது சரியே. ரெப்ளிகேஷன் அப்படியல்ல. மூலத்தில் ஒரு கோப்பை அழித்தால் மறுமுனையிலும் அழியும். பணம் பறிக்கத் தரவைப் பூட்டும் ரான்சம்வேர் புகுந்து மூலத்தைப் பூட்டினால், பூட்டிய தரவுதான் அங்கும் போய்ச் சேரும். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது குறித்த நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவுகளை, அங்கே தனியாக வைத்திருந்தால்தான் தப்பலாம். "ஹைதராபாத்தில்தான் ஒரு நகல் இருக்கிறதே, பேக்கப்புக்கு வேறு எதற்குச் செலவு?" என்று நிர்வாகம் கேட்க, நாம் ஆக்கும் சொல்லே இடம் கொடுக்கக் கூடாது. போதாக்குறைக்கு, வேறு ஊருக்கு அனுப்புவதைக் குறிக்கும் ரிமோட்டையும் சேர்த்தால் "தொலைநகல்" என்றாகும். அது ஃபேக்ஸ்!

இரட்டிப்பு, பள்ளி உயிரியல் நூலில் டி.என்.ஏ.வுக்குப் பழகிய சொல். ஒரே மூலத்திலிருந்து இரண்டு மூன்று ஊர்களுக்கு அனுப்பும் அமைப்பும் உண்டு; அங்கே இரட்டை இடிக்கும். சேமிப்பகம் விற்கும் ஐ.பி.எம்.மும் நெட்ஆப்பும் தங்கள் ரெப்ளிகேஷன் வசதிக்கு மெட்ரோ மிரர், ஸ்னாப்மிரர் என்று பெயர் வைத்திருப்பதால் பிரதிபலிப்புக்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும் அதை, ஒரே பெட்டிக்குள் இரு வட்டுகளில் எழுதும் ரெய்டு 1-க்கு விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு: தொடர்படி. படி என்றால் பிரதி; படியெடுத்தல் நம் ஏட்டுக் காலத்திலிருந்து வருவது. மூலம் மாற மாற விடாமல் தொடரும் படி, தொடர்படி. வினை வேண்டுமென்றால் தொடர்படியாக்கம். ரிமோட்டுக்குத் "தொலை" வேண்டாம். தொலைத்தொடர்படி என்று எழுதினால், தொலைத்தொடர்பு என்று கண் தவறாக வாசித்துவிடும். சேய்மைத் தொடர்படி என்போம்.

இதிலிருந்து கிளைகளும் எளிதாகப் பிரிகின்றன. இரு முனையிலும் எழுதி முடித்த பிறகே செயலிக்கு "ஆயிற்று" என்று சொல்லும் சிங்க்ரனஸ் முறை, உடன்தொடர்படி. உள்ளூரில் எழுதியதும் சொல்லிவிட்டு, மறுமுனைக்குப் பிறகு அனுப்பும் ஏசிங்க்ரனஸ் முறை, பின்தொடர்படி. ஒளி இழையில் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோவினாடி, 100 கி.மீ. தொலைவுக்குப் போய்வர மட்டுமே 1 மில்லிவினாடி. உடன்தொடர்படியில் தரவை எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாமதத்தைச் சுமக்க வேண்டும் என்பதால்தான் சென்னை–ஹைதராபாத் போன்ற தொலைவுக்குப் பின்தொடர்படியையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரிடரில் கடைசிச் சில நொடிகளின் அல்லது நிமிடங்களின் தரவு போகலாம் என்பது "பின்" என்ற சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து, இழையைத் தொடங்கியவர் கேட்ட பியரிங்: தொடர்படிக்கு முன் இரு சேமிப்பகங்களும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்வது. இதற்கு வெறும் "இணைப்பு" போதாது. கேபிளும் இணைப்பு, மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு. நெட்ஆப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சேமிப்பகக் கணினிகள் (நோடுகள்) சேர்ந்த தொகுதிதான் கிளஸ்டர். இரு கிளஸ்டர்களிலும் ஒவ்வொரு நோடுக்கும், மறு கிளஸ்டரோடு பேச ஒரு இன்டர்கிளஸ்டர் முகவரி வேண்டும். இரு பக்கத்து முகவரிகளும் ஒன்றையொன்று முழுமையாக எட்ட வேண்டும். வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வாலில் 11104, 11105 என்ற போர்ட்டுகள் (வழிகள்) திறந்திருக்க வேண்டும். கடிகாரங்களுக்குள் 300 வினாடிக்கு மேல் வேறுபாடு கூடாது. பிறகு ஒரு பக்கம் உருவான கடவுத்தொடரை (பாஸ்ஃபிரேஸ்) மறுபக்கம் உள்ளிட்டால்தான் உறவு ஏற்படும். ஒருதலையாகச் செய்ய முடியாது, ஒருவர்க்கொருவர் சமமானவர்கள். "இணையற்ற" என்று சொல்லும்போது நாம் கருதும் அதே இணை. ஆகவே இணையுறவு. திரையில் இப்படி வரும்: "இணையுறவு ஏற்படவில்லை. மறுமுனையில் கடவுத்தொடரைச் சரிபார்க்கவும்." படித்த உடனே எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரிகிறது.

தொடர்படியை இடையில் நிறுத்தும் பிரேக் என்பதற்கு இழையில் "முறிவு" வந்திருந்தது. தயவுசெய்து வேண்டாம். பேரிடர் ஒத்திகையின்போது, மறுமுனையில் எழுத அனுமதிக்க நிர்வாகி தாமே செய்வது அது, பழுது அல்ல. நள்ளிரவில் திரையில் "முறிவு" என்று பார்த்தால் பணியில் இருப்பவர் பதறிப்போய் யாரையாவது எழுப்புவார். பிரிப்பு என்போம், பிரித்ததை மீண்டும் ஒத்த நிலைக்குக் கொண்டுவரும் ரீசிங்க்குக்கு மீள்சேர்ப்பு. ஹிட்டாச்சி சேமிப்பகங்களில் வேலை செய்பவர்கள் பிரேக்கை ஸ்ப்ளிட் என்றே அழைப்பதால் அவர்களுக்கும் இது உறுத்தாது. அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்கள் பார்த்துச் சொன்னால், சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்