பூம் ரிவெட் பிடுங்கிக்கொண்டது, அவசர உதவி தேவை

கொண்டல்_சென்னை:
இன்று காற்று ஏறியதும் படகுப் பாயின் அடியில் கிடையாக நீளும் அலுமினியக் குழாயான பூமில் ரிவெட் (தறையாணி) பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஞாயிறு ரேஸ். எந்த ரிவெட் வாங்க வேண்டும்? பாரிமுனையில் கிடைக்குமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

வாடை:
எந்தப் படகு? பூமில் எந்த இடம்? பாய்மரத்தோடு சேரும் கூஸ்நெக்கா, பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங்கா, பாயை இழுக்கும் கயிறு ஓடும் கப்பியான மெயின்ஷீட் பிளாக்கா? துளை வட்டமாக இருக்கிறதா, இழுத்து நீண்டுவிட்டதா?

பட்டறைக்காரர்:
ரிவெட்டே வேண்டாம் சார். 5 மி.மீ. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டை மேலிருந்து கீழே முழுக்க விட்டு நட் போடுங்கள். ஜென்மத்துக்கும் கழலாது.

வாடை:
உள்ளே தாங்கும் குழாய் (ஸ்லீவ்) இல்லாமல் இறுக்கினால் குழாய் நசுங்கும். பூம் அதிகம் வளையும் இடத்தில் மேல்பக்கமும் புதிதாக ஒரு துளை விழும். முறிவதே அங்கேதான். செய்யாதீர்கள்.

பழைய மாலுமி:
படகு எது என்று சொல்லவில்லை, படம் போடவில்லை. தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. இங்கே பழைய இழைகளைப் படித்திருந்தால் பாதி பதில் அதிலேயே கிடைத்திருக்கும்.

கொண்டல்_சென்னை:
மன்னிக்கவும் சார். பழைய லேசர், ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு. நடு பூமில் மெயின்ஷீட் பிளாக் தொங்கும் எஸ்எஸ் பட்டை. முன்பு வைத்திருந்தவர் ஜன்னல் வேலைக்கான அலுமினிய ரிவெட் அடித்திருக்கிறார். சுற்றிலும் வெள்ளைப் பொடி. ஒரு துளை கொஞ்சம் நீண்டிருக்கிறது.

பழைய மாலுமி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். உப்புத்தண்ணீர் பட்டால் எஸ்எஸ்ஸும் அலுமினியமும் பேட்டரி மாதிரி வேலை செய்யும்; அரிபடுவது அலுமினியம். பட்டை பெரியது, ரிவெட் சின்னது, அதனால் மொத்த அரிப்பும் ரிவெட் தலையில் விழுகிறது. 4.8 மி.மீ. மோனல் போடுங்கள். மோனல் நிக்கலும் செம்பும் சேர்ந்த உலோகம். அதுவும் அலுமினியத்தை அரிக்கத்தான் செய்யும். ஆனால் இப்போது சின்னது மோனல், பெரியது குழாய். அரிப்பு பரவி மெதுவாகப் போகும்.

கச்சான்:
மோனலுக்கு வீட்டு ரிவெட் கன் போதுமா?

வாடை:
கஷ்டம். நீளக் கைப்பிடி உள்ளதோ, கத்தரி மாதிரி விரிந்து மடங்கும் வகையோ இரவல் வாங்குங்கள். எஸ்எஸ் ரிவெட்டுக்கு இன்னும் பலம் வேண்டும்.

கொண்டல், முதலில் மிஞ்சியிருக்கும் ரிவெட்டின் நடு ஊசியைப் பஞ்ச் வைத்து உள்ளே தட்டுங்கள். அப்புறம் 4.8 பிட்டால் தலையை மட்டும் வெட்டுங்கள். ரிவெட் கூடவே சுற்றினால் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் துளை இன்னும் பெரிதாகும். பூமின் முனை மூடியைக் கழற்றி உள்ளே விழுந்த துண்டுகளைக் கொட்டிவிடுங்கள். எஃகு ஊசி உள்ளேயே கிடந்தால் துருப்பிடித்து அங்கும் அரிப்பு வரும்.

நீண்ட துளைக்கு இரண்டு வழி. பட்டையின் ஓட்டை இடம் கொடுத்தால் 6.4 மி.மீ. ரிவெட். இல்லையென்றால் பட்டையை ஓர் அங்குலம் தள்ளி நல்ல உலோகத்தில் அடித்து, பழைய துளையை வெறும் ரிவெட்டால் அடைத்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். குழாய்ச் சுவரும் பட்டையும் சேர்ந்த தடிமனை அளந்து, அதற்கேற்ற நீளம் வாங்குங்கள். பென்சிலால் குறி போடாதீர்கள், கிராஃபைட்டும் அலுமினியத்தை அரிக்கும்.

கச்சான்:
அரிப்பைத் தடுக்கப் பூசும் டெஃப்-ஜெல், ட்யூராலாக் எதுவும் கையில் இல்லையென்றால்?

வாடை:
பெயின்ட் கடையில் ஜிங்க் குரோமேட் பிரைமர் கிடைக்கும். ஈரமாக இருக்கும்போதே ரிவெட்டை அடியுங்கள். பட்டைக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வையுங்கள். பிரைமர் நச்சு, கையுறை கட்டாயம்.

பட்டறைக்காரர்:
எதைப் போட்டாலும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அரிப்பு குறையும்.

கச்சான்:
எங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பு. லாரித் தண்ணீர் வாங்கிப் படகு கழுவ முடியுமா?

பட்டறைக்காரர்:
ஒரு குடம் போதுமே. ரிவெட் இருக்கும் இடத்தில் மட்டும் துணியை நனைத்துத் துடையுங்கள்.

பழைய மாலுமி:
தலைக்கு அடியில் புகுந்த உப்பைத் துணி எடுக்காது. தண்ணீர் ஓட வேண்டும்.

பட்டறைக்காரர்:
ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு அது மேல் இல்லையா சார்?

கச்சான்:
மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். கோடையில்தான் வழியில்லை.

கொண்டல்_சென்னை:
பட்டையைத் தள்ளி மோனல் அடித்துவிட்டேன். கிளப்பில் ஒருவர் கன் தந்தார். ஞாயிறு ரேஸில் ரிவெட் கெட்டியாக நின்றது. நன்றி வாடை, நன்றி மாலுமி சார்.

வாடை:
மகிழ்ச்சி. பூம் நுனி பிளாக்கின் ரிவெட்டும் அதே ஆள் அடித்ததா? அங்கும் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள்.