ஒற்றை மெமரி கார்டு ஸ்லாட் கேமராவோடு கல்யாணம் எடுக்கக் கூடாதா? யார் போட்ட சட்டம் இது?

ஒளிவேடன்:
முதல் கல்யாண ஆர்டருக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று நேற்று ஒரு புதியவர் கேட்டிருந்தார். அதற்கு ஷட்டர்சிங்கம் எழுதிய பதில் இது: "இரண்டு கார்டு ஸ்லாட் இல்லாத கேமராவோடு கல்யாணத்துக்குப் போகிறவர் புகைப்படக்காரர் இல்லை, சூதாடி." அவ்வளவுதான் பதில். ஒரு கார்டு கெட்டாலும் இன்னொன்றில் நகல் இருக்கும் என்பது அவர் கணக்கு. கேட்டவர் இப்போது ஆர்டரையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்.

கேனான் 5டி மார்க் 2 வந்தது 2008இல். ஒரே ஒரு சிஎஃப் (காம்பாக்ட்ஃபிளாஷ்) கார்டு ஸ்லாட். அதே ஆண்டு வந்த நிக்கான் டி700க்கும் ஒன்றுதான். அந்த இரண்டையும் வைத்து உலகம் முழுக்கக் கல்யாணம் எடுத்துச் சம்பாதித்தவர்கள் எல்லாரும் சூதாடிகளா? புதியவரைக் கவிழ்ப்பது கார்டு இல்லை. இருட்டு ஹாலில் மணமக்கள் நடந்து வரும்போது ஷட்டரை 1/60 விநாடியில் வைத்து எல்லாப் படத்தையும் அசைத்துவிடுவார். நிறம் பூசிய கூரையில் ஃபிளாஷை அடித்து எல்லார் முகத்திலும் அந்த நிறத்தை ஏற்றுவார். இதையெல்லாம் சொல்லித் தர ஆள் இல்லை, ஸ்லாட் எண்ண மட்டும் வந்துவிடுகிறார்கள்.

ஷட்டர்சிங்கம்:
என் பெயரைப் போட்டே இழை தொடங்கியதற்கு நன்றி. அசைந்த படத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம். இல்லாத படத்துக்கு என்ன கேட்பீர்கள்? கல்யாணம் திரும்ப நடக்காது. 2012இல் 5டி மார்க் 3 வந்தபோது கேனான் ஏன் இரண்டாவது ஸ்லாட் வைத்தது? அழகுக்கா?

ரா_மட்டும்:
அந்த மார்க் 3இல் இருக்கும் எஸ்டி கார்டு ஸ்லாட்டுக்கு யுஹெச்எஸ் என்கிற அதிவேக முறையே கிடையாது. இரண்டு கார்டிலும் சேர்த்து எழுதச் சொன்னால் பஃபர் (படம் கார்டுக்குப் போகும் முன் தங்கும் இடம்) நிரம்பிக் கேமரா திணறும். நல்ல உதாரணம் பிடித்தீர்கள்.

ஷட்டர்சிங்கம்:
2012 கதையை ஏன் இப்போது இழுக்கிறீர்கள்?

ஒளிவேடன்:
இழுத்தது நீங்கள்தான். மூன்று பதிவு மேலே போய்ப் பாருங்கள்.

நெகடிவ்காலம்:
தம்பிகளா, 35 மிமீ ஃபிலிம் ரோலில் 36 படம். 120 ஃபிலிமில் 6×6 என்றால் 12தான். ரோல் கழுவுகிற லேபில் கெட்டால் கெட்டதுதான், அதற்கு நகல் ஏது? அப்படியே முப்பது வருஷம் எடுத்தோம். கை சரியாக இருந்தால் கருவி சரியாக இருக்கும்.

ஷட்டர்சிங்கம்:
ஐயா, அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை, அதனால் எடுத்தீர்கள். இப்போது வழி இருக்கிறது. சீட் பெல்ட் இல்லாமல் முப்பது வருஷம் ஓட்டினேன் என்று சொல்வதில் என்ன பெருமை?

நெகடிவ்காலம்:
பெருமைக்குச் சொல்லவில்லை. முக்கியமான கட்டம் வந்தால் இரண்டு கேமராவில் மாற்றி மாற்றி எடுப்போம். ஒரு ரோல் போனாலும் இன்னொன்று மிஞ்சும். உங்களுக்கு முன்னாலும் ஆட்கள் யோசித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

ஒளிவேடன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கேமரா பாடி கீழே விழுந்தால், ஷட்டர் சிக்கிக்கொண்டால் உங்கள் இரண்டு ஸ்லாட்டும் அதே செத்த கேமராவுக்குள்தானே இருக்கும்? அன்றைக்கு மீதிக் கல்யாணத்தை எதில் எடுப்பீர்கள்? புதியவர் வாடகைக்காவது இரண்டாவது பாடி எடுப்பது நல்லதா, இரண்டாவது ஸ்லாட்டுக்காக இருக்கிற கேமராவை விற்பது நல்லதா?

ஷட்டர்சிங்கம்:
இரண்டு பாடி, நான்கு ஸ்லாட். சிக்கல் தீர்ந்தது.

புதுலென்ஸ்:
வணக்கம். நேற்றுக் கேட்டவன் நான்தான். கார்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை. சடங்கு நடக்கும்போது சத்தம் வரக் கூடாது என்று எலெக்ட்ரானிக் ஷட்டரில் சோதித்துப் பார்த்தேன். எல்இடி விளக்கில் படம் முழுக்கக் கோடு கோடாக வருகிறது. இதற்கு என்ன செய்வது? குழுப் படம் எடுக்கும்போது சொந்தக்காரர்களை எப்படி ஒன்றுசேர்ப்பது என்பதும் தெரியவில்லை.

வெள்ளைச்சமன்:
புதுலென்ஸ், மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/125 வைத்துப் பாருங்கள். கேமராவில் விளக்கின் துடிப்பைச் சமாளிக்கும் ஆன்டி ஃபிளிக்கர் இருந்தால் அதையும் போடுங்கள். மேடையில் மங்கலாக்கிய எல்இடி சில சமயம் இதற்கும் அடங்காது. முடிந்தால் முதல் நாளே ஹாலுக்குப் போய் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

குழுப் படத்துக்கு யார் யார் வேண்டும் என்று மணமக்களிடம் முன்கூட்டியே பட்டியல் வாங்குங்கள். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஓர் உறவினரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய குழுவை முதலில் முடித்துவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள்.

ஷட்டர்சிங்கம்:
அருமையான ஆலோசனை. அந்தக் குழுப் படம் முழுக்க ஒரே கார்டில் இருக்கும், அதுதான் பயம்.

ரா_மட்டும்:
சரி சிங்கம், நேராகவே கேட்கிறேன். உங்கள் இரண்டு ஸ்லாட்டும் எந்த அமைப்பில் இருக்கின்றன? ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்குப் போகிற அமைப்பில் வைத்துவிட்டு, தன்னிடம் நகல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

ஷட்டர்சிங்கம்:
என்னைப் பச்சைப்பிள்ளை என்று நினைத்தீர்களா? ஒன்றில் முழுத் தகவலோடு ரா, இன்னொன்றில் கேமராவே முடித்துச் சுருக்கிய ஜேபெக்.

ரா_மட்டும்:
அப்படியென்றால் ரா கார்டு போனால் கையில் இருப்பது ஜேபெக் மட்டும். மஞ்சள் விளக்கில் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) தப்பாகப் போயிருந்தால் அதை எவ்வளவு இழுப்பீர்கள்? வெளுத்துப்போன வெள்ளை உடையில் மடிப்புத் திரும்ப வருமா? இதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஷட்டர்சிங்கம்:
கேமராவிலேயே சரியாக எடுக்கத் தெரிந்தவருக்கு ஜேபெக் போதும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் காப்பாற்றிக்கொள்கிறவர்களுக்கு இது புரியாது. உங்கள் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

ரா_மட்டும்:
என் படத்தைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது. போன வருஷம் என்னிடம் விற்றீர்களே ஒரு 85 மிமீ லென்ஸ், அதற்குள் பூஞ்சை வளர்ந்திருந்தது. "தூசிதான், துடைத்தால் போகும்" என்றீர்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை எதைக் கொண்டு துடைப்பது?

ஷட்டர்சிங்கம்:
அனுப்பும்போது சுத்தமாக இருந்தது. ஈரமான அலமாரியில் வைத்தால் எந்த லென்ஸிலும் வரும். இதற்கு முன்பே மூன்று இழையில் பதில் சொல்லியாகிவிட்டது.

நெகடிவ்காலம்:
மூன்றிலும் நான் இருந்தேன். ஒன்றிலும் பதில் இல்லை.

நெறியாளர்:
லென்ஸ் கணக்கைத் தனிச்செய்தியில் தீர்த்துக்கொள்ளுங்கள். இழை கல்யாணப் படத்தைப் பற்றியது.

வெள்ளைச்சமன்:
ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கார்டு தானாகச் சாவதைவிட ஆட்கள் கையால் சாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எழுதும் விளக்கு எரியும்போதே கார்டை உருவுவது, எடுத்து முடித்த கார்டைக் காலி கார்டு என்று நினைத்து ஃபார்மட் செய்வது. அப்படி அழித்துவிட்டால் அதே கார்டில் மேலே எதுவும் எடுக்காமல் நிறுத்தினால் மீட்பு மென்பொருளில் பெரும்பாலும் வரும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, அதில் ஒன்றை வேறு இடத்தில் வைத்தாலே பாதிக் கவலை போய்விடும். அதுவரை கார்டைத் தொடக் கூடாது.

ஷட்டர்சிங்கம்:
வீட்டுக்கு வருவதற்கு முன்பே கார்டு போனால்? திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம். நிக்கான் இசட்6 2018இல் ஒற்றை ஸ்லாட்டோடு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டது. 2020இல் இசட்6 மார்க் 2 இரண்டு ஸ்லாட்டோடு வந்தது. தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டாயிற்று. இங்கே ஒருவர் மட்டும் 2008இலேயே நிற்கிறார்.

ஒளிவேடன்:
2023இல் வந்த கேனான் ஆர்8க்கு எத்தனை ஸ்லாட்? ஒன்று. அவர்கள் எதை ஒப்புக்கொண்டார்கள்?

ஷட்டர்சிங்கம்:
ஆர்8 கல்யாணத்துக்கான கேமராவே இல்லை.

ஒளிவேடன்:
ஏன்?

ஷட்டர்சிங்கம்:
ஒரு ஸ்லாட்தானே இருக்கிறது.

புதுலென்ஸ்:
வெள்ளைச்சமன் அக்கா, மெக்கானிக்கலுக்கு மாற்றியதும் கோடு போய்விட்டது, நன்றி. என் கேமராவில் ஒரு ஸ்லாட்தான். வாடகைக்கு இரண்டாவது பாடி கேட்டிருக்கிறேன். அதற்கு எத்தனை ஸ்லாட் என்று தெரியவில்லை.

ஷட்டர்சிங்கம்:
முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. அப்புறம் ரா_மட்டும் ஜேபெக்கைப் பற்றிச் சொன்னதற்கு நான் இன்னும் முழுப் பதில் எழுதவில்லை. இரவு வந்து எழுதுகிறேன்.

ரா_மட்டும்:
எழுதுங்கள். அப்படியே பூஞ்சைக்கும் சேர்த்து எழுதுங்கள்.