விமரிசகரின் அரசியலும் எஸ்.பொ.வின் ‘சடங்கு’ நாவலும்

வெள்ளவத்தை வாசகி:
ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொன்னுத்துரையின் (எஸ்.பொ.) ‘சடங்கு’ நாவலை வாசித்து முடித்த கையோடு, அதைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடினேன். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை நாவலை இரண்டு பந்திகளில் முடித்துவிட்டு, அவர் இடதுசாரி எழுத்தாளர்களின் முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து, அதற்கு மாற்றாக ‘நற்போக்கு’ என்ற கொள்கை பேசிய கதையையே விரிவாகச் சொல்கின்றன. எழுத்தாளரின் அணியைப் பாராமல் எழுத்தை மட்டும் எடைபோடும் வழக்கம் எங்களிடம் இருந்ததா?

கொட்டாஞ்சேனை:
வணக்கம் சகோதரி. அரசியலை நீக்கிவிட்டால் ஈழத்து விமரிசனத்தில் மிஞ்சுவது சொற்பமே. அறுபதுகளின் மரபுப் போராட்டத்தில், கதை மாந்தரின் பேச்சுமொழியைப் பண்டிதர்கள் ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கியபோது, அதற்காக வாதாடியவர்கள் முற்போக்கு அணியினரே. சாதிக் கொடுமையை எழுதிய டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்களுக்கு இலக்கிய மதிப்புக் கோரும் துணிவை, அந்த அணியின் விமரிசகர்களான கைலாசபதி, சிவத்தம்பி முதலியோரின் மார்க்சியப் பார்வையே அளித்தது. அதே சூழலில்தான் எஸ்.பொ.வின் ‘தீ’ நாவல் ஆபாசம் என்று தூற்றப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

தெஹிவளை:
அண்ணர் சொல்வதோடு பாதிதான் உடன்படுகிறேன். ‘சடங்கு’ எதைப் பற்றியது? கொழும்புக் கந்தோரில் வேலை பார்க்கும் எழுதுவினைஞர் ஒருவர், மனைவியோடு தனித்திருக்கும் ஆசையில் லீவில் யாழ்ப்பாணம் போகிறார். ஆட்கள் நிறைந்த வீட்டில் அந்தத் தனிமை எளிதில் வாய்ப்பதில்லை. உத்தியோகம் ஓரிடத்தில், குடும்பம் இன்னோரிடத்தில் என்று மத்தியதர வாழ்க்கையை இரண்டாகப் பிளந்த பொருளாதாரத்தை இதைவிட நெருக்கமாகக் காட்டிய நாவல் எங்களிடம் குறைவு. வர்க்கப் பார்வை கொண்ட ஒருவர் கொண்டாடியிருக்க வேண்டிய நூல் இது. ஆகவே குறை அந்தப் பார்வையில் இல்லை. எழுதியவர் எதிரணியில் நின்றதால் அந்தப் பார்வையை இந்த நாவலின்மீது செலுத்த மனம் வரவில்லை என்பதே என் அபிப்பிராயம். (எஸ்.பொ.வின் வாயும் சும்மா இருக்கவில்லை என்பது வேறு கதை.)

மருதானை:
தம்பி, மறுபக்கத்தையும் சொல்லுங்கள். டானியலைப் ‘பிரசாரம்’ என்ற ஒரே சொல்லால் தள்ளிவைத்தவர்கள் தங்களுக்கு அரசியலே இல்லை என்றல்லவா சொல்லிக்கொண்டார்கள்? சாதியைப் பேசாத நாவலில் அவர்கள் பிரசாரத்தைக் கண்டதேயில்லை.

சகோதரி, கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968), முற்போக்கு அணியினரை எதிர்த்து மு.தளையசிங்கம் எழுதிய ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். வாசிக்கும்போது, நாவலிலிருந்து ஒரு வரியாவது எடுத்துக்காட்டிப் பேசும் இடங்களைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.