பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்திய இரவு: ஆப்ட் பழகிய அனுபவங்கள்

கணினியில் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் படித்துக்கொண்டிருந்த பாடத்துக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.8 பதிப்பு வேண்டும்; கணினியில் இருந்தது 3.6. பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடச் சொல்லி எங்கோ எழுதியிருந்தார்கள். விண்டோஸில் பழகிய எனக்கு அது நியாயமாகவே பட்டது. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து 'சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' என்று அடித்தேன். சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு; ஆப்ட் என்பது நிரல்களை நிறுவவும் நீக்கவும் உள்ள கருவி. திரை நிறையப் பெயர்கள் ஓடின. கடைசி வரியில், இவ்வளவு எம்பி இடம் காலியாகும், தொடரலாமா என்று கேட்டது. ஒய் அழுத்தினேன்.

மறுபடி கணினியைப் போட்டபோது டெஸ்க்டாப்பே இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் 'லாகின்'. மறுநாள் காலை ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டும், கோப்புகள் எல்லாம் அதில்தான். இரவு பதினோரு மணிக்கு, கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரை எழுப்பினேன்.

"தம்பி, எதையும் ஃபார்மட் பண்ணிடாதே. உன் ஃபைல் எங்கேயும் போகல. பேரு, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போ."

போனேன். அவர் திறக்கச் சொன்ன கோப்பு '/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்'. எந்த நேரத்தில் ஆரம்பித்தது, நான் அடித்த கட்டளை என்ன, என்னென்ன பேக்கேஜ் (நிரல் தொகுப்பு) நீங்கியது என்று எல்லாமே அதில் வரிவரியாக இருந்தது. 'ரிமூவ்' என்ற ஒரு வரி மட்டும் திரையைத் தாண்டி நீண்டுகொண்டே போனது. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. அடித்தளத்தை எடு என்றால் அதன்மேல் நிற்பதையும் எடுத்தாக வேண்டும் என்பது ஆப்ட்டுக்குத் தெரியும். அதைத்தான் முன்கூட்டியே பட்டியல் போட்டுக் காட்டியிருக்கிறது. நான் படிக்கவில்லை.

வைஃபை வரவில்லை. ரூட்டரிலிருந்து வயரை நேராகச் செருகி, அதனிடம் இணைய முகவரி கேட்டு வாங்கும் 'சூடோ டிஎச்கிளையன்ட்' கட்டளையை அடித்ததும் இணையம் கிடைத்தது. அப்புறம் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்'. இந்த பேக்கேஜுக்குள் பெரிதாக எதுவும் கிடையாது, டெஸ்க்டாப்புக்கு என்னென்ன வேண்டும் என்ற சார்புப் பட்டியல்தான். ஆனால் அந்த ஒரு பெயரைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் இறங்கியது. டெஸ்க்டாப் திரும்பி வந்து, ஹோம் ஃபோல்டரில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்ததைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது.

3.8 தனி பேக்கேஜாகவே கிடைத்தது. 3.6-ஐத் தொடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பாடத்தை முடித்தேன். இப்போதெல்லாம் எதையாவது நீக்குவதற்கு முன் 'ஆப்ட்-கெட்' கட்டளையோடு '-எஸ்' சேர்த்து ஒரு ஒத்திகை பார்த்துவிடுகிறேன். எதையும் தொடாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். எனக்குக் கரண்டு போனது. பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அதில் சினாப்டிக் என்ற சாளரத்தில் டிக் போட்டு டிக் போட்டுத்தான் பேக்கேஜ் என்றால் என்ன என்று புரிந்துகொண்டேன். அந்தப் பழக்கத்தில் கல்லூரியில் ஒரு பழைய மேசைக் கணினிக்கு டெபியன் போட்டு, ஒருநாள் அப்கிரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. திரும்ப வந்த பிறகு எதை நிறுவப் போனாலும், ஆப்ட்டுக்கு அடியில் நின்று பேக்கேஜை நிறுவும் டீபேக்கேஜ் கருவி பாதியில் நிற்கிறது என்றே பதில்.

பயந்துபோய் அந்தச் செய்தியைக் கடைசி வரை படித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அதிலேயே இருந்தது: 'சூடோ டீபேக்கேஜ் --கான்ஃபிகர் -ஏ'. அப்படியே அடித்தேன். விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு பேக்கேஜாக 'செட்டிங் அப்' என்று வரிகள் நகர்ந்தன. நாலு நிமிடம் இருக்கும். சரியாகிவிட்டது.

ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் ஓடாமல் தடுக்கும் லாக் (பூட்டு) ஃபைலை அழித்துவிடச் சொல்பவர்களை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்தப் பூட்டு கிடைக்கவில்லை என்று வந்தால் பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் அதுவே விலகிவிடும்.

*

எனக்கு ஒன்றும் உடையவில்லை, அதனால் சின்னதாக. அப்டேட்டும் அப்கிரேடும் ஒன்று என்றே ஒரு வருடம் நினைத்திருந்தேன். தினமும் 'ஆப்ட் அப்டேட்' மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அது களஞ்சியத்திலிருந்து (பேக்கேஜ்கள் இருக்கும் சர்வர்) விலைப்பட்டியல் வாங்கி வருவது மாதிரி, சரக்கு எதுவும் வீட்டுக்கு வராது. அப்கிரேட் போட்டால்தான் வரும். ஒரு தோழி சொல்லி, முதல்முறை போட்ட அன்று நானூற்றுச் சொச்சம் பேக்கேஜ் வரிசையில் நின்றன.

அன்றைக்கே 'ஆப்ட் சர்ச்' கொடுத்துத் தேடி, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் நிறுவினேன். வெளியேறி உள்ளே வந்ததும் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 இருந்தது. இந்தப் பதிவை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.